அம்மா போட முடியாத நட்சத்திரம்

டுலூத், 1991 நவம்பர் 18

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், ஹோபார்ட்டில் நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை மனம் வரவில்லை, அதற்காகத்தான் அவளுடைய கணினி முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஏரியின் ஓரமெல்லாம் உறைந்துவிட்டது, துறைமுகத்தில் இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல்களுக்கு இரும்புத் தாது ஏற்றுகிறார்கள்.

"அம்மாவின் கடிதங்களில் இப்போதெல்லாம் ஒரு நட்சத்திரம்கூட இல்லை, நான் இவ்வளவு தூரம் வந்த கோபம் இன்னும் தீரவில்லை போல, கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை" என்று எழுதியிருந்தாய். நீ நினைத்ததில் தப்பில்லை. கணினிக் கடிதத்தில் அழுத்திச் சொல்கிற சொல்லுக்கு இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், சாப்பிட்டாயா என்பதற்குக்கூட நட்சத்திரம் போடுகிறவள். ஆனால் அவளுக்குக் கோபம் இல்லையம்மா. செப்டம்பரில் பக்கவாதம் வந்தது, வலது கை எழும்பவில்லை. நட்சத்திரத்துக்கு ஷிப்ட் விசையையும் எட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், அவளுடைய சின்ன இடது கைக்கு இரண்டும் எட்டவில்லை. எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாகப் பூட்டிவிடலாம், ஆனால் கணினிக் கடிதத்தில் அது கத்துகிற மாதிரி, பிள்ளையிடம் கத்த மாட்டேன் என்கிறாள். நான் அழுத்துகிறேன் என்றால், "என் கடுதாசியில உன் கை படவேணாம் ஆர்விட். தெரிஞ்சா அவ வேலையப் போட்டுட்டு ஓடியாந்துடுவா, வாயத் திறக்காத" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதைத்தான் இன்று உடைக்கிறேன். கைப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், மதியம் வரை வரமாட்டாள்.

போன வாரம் "முடிந்தால் வா" என்று எழுதியிருந்தாளே, ஒப்புக்குக் கூப்பிட்டதாக நீ எடுத்துக்கொண்டாய். அந்தக் கடைசிச் சொல்லுக்கு நட்சத்திரம் போடக் கால் மணி நேரம் மோவாயை விசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை, சமையலறையில் போய் அழுதேன். இன்னொரு முறை பக்கவாதம் வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். அங்கே ஆஸ்திரேலியாவில் கோடை என்று மெல்லிய சட்டையோடு விமானம் ஏறிவிடாதே, கம்பளிக் கோட்டு எடுத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு *வா*. தட்டியது நான், நட்சத்திரம் அம்மாவுடையது.

உன் அப்பா,
ஆர்விட்