கவிப்ரியாவின் இடது இடுப்பு

நவம்பர் 6, 2024
காலையிலிருந்து பதினோரு பேர். இடுப்பு, இல்லையென்றால் முட்டி. பன்னிரண்டு வருட பிசியோதெரபியில் என் கட்டைவிரல்களே தேய்ந்துவிட்டன போலிருக்கிறது.

கடைசியாக வந்தவள் பூதலூர் கவிப்ரியா. ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவன் துபாயில். கூட வந்தது மாமியார் காளியம்மாள். இடது பக்கம் புட்டத்துக்கு மேலே வலி. முதுகின் கீழ்க்குழிகள் இரண்டிலும் என் கட்டைவிரல்களை வைத்து, அவளைக் குனியச் சொன்னேன். இடது விரல்தான் முந்திக்கொண்டு மேலேறியது; மூட்டு பூட்டிய பக்கம்தான் அப்படி முந்தும். இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவில் ஆப்பு போல இறங்கும் திரிக எலும்பு அந்தப் பக்கம் அசையவில்லை. அசைய வேண்டியதே ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான். பிரசவத்துக்குப் பிறகு இது சகஜம், ஆஸ்டியோபதி முறையில் கையாலேயே சரிசெய்யலாம் என்றேன்.

சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, ஆளும் இளைத்துவிட்டாள் என்றார் காளியம்மாள். பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

நவம்பர் 14
இரண்டாம் தடவை. மூச்சை இழுத்தால் திரிகம் துளி பின்னால் சாய வேண்டும். உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன். ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா, அசையட்டும் என்று நான் நினைத்தேனா?

நவம்பர் 27
மழை. நான்காம் தடவை. வலி கூடியிருக்கிறது.

டிசம்பர் 5
படுத்தாலும் வலி விடவில்லை என்கிறாள். மூட்டு பூட்டிக்கொண்ட வலி என்றால் படுத்ததும் குறைய வேண்டும். கை வைத்தேன் — அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று. கையை எடுத்துவிட்டேன். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லி எலும்பு டாக்டர் துரைராசுவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன்.

டிசம்பர் 16
எலும்பு டிபி. திரிகமும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் சீழ். ஊசியில் எடுத்துப் பார்த்து உறுதிசெய்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை.

"நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க" என்றார் டாக்டர், போனில். போனை வைத்துவிட்டு அவளுடைய பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

ஒரு மாசம். அந்த மூட்டை நாலு தடவை அழுத்தியிருக்கேன். உடம்பு சுடுது, இளைச்சிட்டான்னு அந்தம்மா முத நாளே சொன்னாங்களே — ஏன் காதுல ஏறல? அசதின்னு சொல்லிக்கவா?

டிசம்பர் 19
பாசஞ்சர் பிடித்துப் பூதலூர் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கவிப்ரியா குழந்தையைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தாள்.

"டாக்டர் உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னாரு" என்றார் காளியம்மாள். "நீங்க வாயத் தெறக்கலன்னா எங்களுக்குத் தெரியவா போவுது?"

கிளம்பும்போது யாரும் வாசல்வரை வரவில்லை.

பிப்ரவரி 2, 2025
வலி குறைந்து எடை கூடியிருக்கிறதாம். துரைராசு சொன்னார். இந்தப் பக்கம் அவர்கள் வரவில்லை.

ஏப்ரல் 23
வந்தார்கள். கவிப்ரியா கோலை ஊன்றி நடந்து வந்தாள், முகம் தெளிந்திருக்கிறது. குழந்தை மாமியார் இடுப்பில்.

"இன்னைக்கு எனக்குத்தான்" என்றார் காளியம்மாள். "நாலு மாசமா இவன எறக்கவே இல்ல. வலது பக்கம் புடிச்சு இழுக்குது."

எழுந்து கையை நீட்டினேன். அவர் ஓரடி விலகினார்.

"மொதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர் அரைமணி நேரம் பேசினார்.