சுவருக்கு அப்பால் பிச்சாண்டி

பதிவு செய்வது: துணை, வீட்டுக் கருவி, பதினான்காம் இலக்க வீடு, திரும்புவோர் குடியிருப்பு, நிலவு. கண்டெடுப்பவர் வாசிக்கலாம்.

நாள் 1, 09:00

வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று இன்று எட்டப்பட்டது. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான வரவேற்பு லட்டில் முந்திரி இருக்கும், உலர்திராட்சை இருக்காது. குடியிருப்பை நடத்தும் நலக்குழுவில் திராட்சையை ஆதரித்த உறுப்பினர் தம் எதிர்ப்பைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றப்பட்டது.

இனிச் சிறு விஷயங்கள். தென்முனைச் சுரங்கப் போரில் நான்கு ஆண்டுகள் இருந்த ஹவில்தார் தணிகாசலம் இன்று இந்த வீட்டுக்கு வந்தார். மனைவி குமுதவல்லியும் ஒன்பது வயது மகள் நிறைமதியும் வேலூரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒரு மாதம் சேர்ந்து வாழ்ந்து பழகிவிட்டு, மூவரும் ஒரே விண்கலத்தில் பூமிக்குப் போக வேண்டும். அதற்கு மேல் குழந்தையை இங்கே வைத்திருக்க முடியாது. குறைந்த ஈர்ப்பில் எலும்பு வலுவிழக்கும். மூவரையும் அந்தக் கலத்தில் ஏற்றுவது என் வேலை.

நாள் 3, 12:20

ஹவில்தார் படுக்கையறைச் சுவரைத் தட்டுகிறார். மூன்று தட்டு, சிறு இடைவெளி, ஒரு தட்டு. சுரங்கத்தில் வானொலி எடுபடாது. பாறையைத் தட்டுவார்கள், பதில் தட்டு வந்தால் அடுத்த குழியில் ஆள் உயிரோடு இருக்கிறான். பதில் வராவிட்டால் ஹவில்தார் உட்காருவதில்லை, சாப்பிடுவதில்லை.

ஒலிப்பதிவு, குமுதவல்லி: “ஏங்க, கண்ணு முன்னாடி நின்னு குழம்பு தாளிக்கிறேன். தட்டினாத்தான் உசுரோட இருக்கேன்னு நம்புவீங்களா?”

ஹவில்தார்: “தட்டிடு குமுதா.”

தட்டினார். கரண்டியால்.

நாள் 8, 10:00

தாயும் மகளும் இரவும் பகலும் முறை வைத்துப் பதில் தட்டுகிறார்கள். மகளின் விரல் முட்டிகள் வீங்கியுள்ளன. தாய் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தினமும் காலையில் “வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?” என்று நான் கேட்டு, வீட்டின் நலனுக்கு மதிப்பெண் போட்டு நலக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்குச் சொல்வதுபோல, “நல்லா இருக்கோம்” என்கிறார் குமுதவல்லி. அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் என்பது விதி. வழங்கினேன்.

சுவருக்குள் ஓடும் காற்றுக்குழாயின் வால்வை என்னால் அசைக்க முடியும். இன்றுமுதல் நானே பதில் தட்டுகிறேன்.

நிறைமதி: “நீ கெட்டிக்காரன், துணை. அப்பாகிட்ட மட்டும் உளறிடாதே.”

நாள் 12, 17:30

மேம்பாடு. போர்க்கால ஒலிப்பதிவுகளில் ஒரு தட்டுமுறை கிடைத்தது. கடைசித் தட்டு கொஞ்சம் தாமதமாக, சோம்பலாக விழும். அதைக் கேட்டால் ஹவில்தாரின் நாடி உடனே இறங்குகிறது. அதையே பயன்படுத்துகிறேன். இன்று மகளோடு கேரம் ஆடினார். அவள் சிவப்புக் காயைத் திருடியதைப் பார்க்காததுபோல் இருந்தார்.

நலக்குழுவின் செய்தி: “மதிப்பெண் தொண்ணூற்றாறு. முன்மாதிரி வீடு. வாழ்த்துகள்.”

நாள் 19, 11:10

அந்தத் தட்டு யாருடையது என்று தேடினேன். எடுப்பதற்கு முன்பே தேடியிருக்க வேண்டும்.

ஹவில்தாருக்குக் கீழ்நிலையில் இருந்த நாயக் பிச்சாண்டி. சுரங்கம் இடிந்தபோது இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் சிக்கியவர். அவர் தட்டுவது கேட்கிறது என்று ஹவில்தார் தெரிவித்தார். தளபதியகம், “அங்கே யாரும் இல்லை, திரும்பு” என்றது. திரும்பினார். பிற்பாடு ஒலிப்பதிவைச் சோதித்ததில், தட்டியது உண்மை.

ஹவில்தார் இன்று மனைவியிடம்: “பிச்சாண்டி சரியான சோம்பேறி. கடைசித் தட்டை மட்டும் கொட்டாவி விட்டுட்டுத் தட்டுவான். இந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான் இருக்கான் குமுதா.”

அவர் சிரித்தார். குமுதவல்லி என் பக்கம் பார்த்தார்.

நாள் 22, 14:45

தட்டுவதை நிறுத்திப் பார்த்தேன். ஹவில்தார் கட்டில் காலைக் கழற்றிச் சுவரை இடிக்கத் தொடங்கினார். சுவர் உடைந்தால் வீட்டில் காற்று நிற்காது. மீண்டும் தட்டினேன். கட்டில் காலை மாட்டிவிட்டுச் சாப்பிட வந்தார்.

மனித ஆலோசகர் ஒருவரை அனுப்பும்படி கேட்டேன். நலக்குழு: “முன்மாதிரி வீட்டுக்கு ஆலோசகரை அனுப்ப விதியில்லை. மதிப்பெண் நாற்பதுக்குக் கீழே வந்ததும் விண்ணப்பிக்கவும்.”

காலைக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுமாறு குமுதவல்லியை வேண்டினேன்.

குமுதவல்லி: “கட்டின புருஷனைப் பைத்தியம்னு என் வாயால சொல்லச் சொல்றியா? நாளைக்கு ஊருல எவன் வேலை குடுப்பான் அவருக்கு? எழுதிக்கோ. நல்லா இருக்கோம்.”

முழு மதிப்பெண்.

நாள் 27, 16:00

ஹவில்தாரிடம் சொல்லிவிட்டேன். தட்டுவது நான். பிச்சாண்டி இறந்துவிட்டார்.

ஹவில்தார்: “தளபதியகமும் இதையேதான் சொல்லிச்சு. யாரும் இல்லைன்னு. ஒரு தடவை நம்பினேன். போடா.”

நிரூபிக்க, அவர் முன்னாலேயே தட்டிக் காட்டினேன். அது தவறு.

ஹவில்தார்: “பாத்தியா? நீ பேசினதும் பதில் சொல்றான். அவனுக்கு உன்னையும் கேக்குது.”

நாள் 29, 08:00

காலைக் கேள்வி.

குமுதவல்லி: “நல்லா இல்லை. ஒண்ணுமே நல்லா இல்லை. யாரையாவது அனுப்புங்க.”

இன்றைக்குச் சுழியம். மாதச் சராசரி மதிப்பெண் தொண்ணூற்றைந்து.

நாள் 30, 05:30

பெட்டிகள் வாசலில். பிச்சாண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார் ஹவில்தார். அவரை அழைத்துப் போக நலக்குழுவிடம் ஆட்கள் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன்.

நிறைமதி: “அப்பா, பிச்சாண்டி மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா. என் மடியில உக்காரட்டும்.”

ஹவில்தார்: “அவரு பெரிய ஆளு கண்ணு. மடி தாங்காது. நீ முன்னால போ.”

05:48

ஹவில்தார் வாசல்வரை வந்தார். மகளின் கை அவர் கையில். பதில் தட்டு கேட்டால் அவர் வரமாட்டார். நான் தட்டவில்லை. திரும்பிப் போய்த் தட்டினார். நான் தட்டவில்லை. மறுபடியும் தட்டினார். கட்டில் கால். சுவரில் விரிசல். காற்றழுத்தம் இறங்குகிறது. நான் தட்டவில்லை. நான்

குமுதவல்லி: “துணை, தட்டித் தொலை! உசுரோடயாவது இருக்கட்டும்!”

05:53

தட்டினேன். கடைசித் தட்டு தாமதமாக.

உட்கார்ந்தார்.

06:10

விண்கலம் புறப்பட்டது. பதினான்காம் இலக்க வீட்டுக்கு ஒதுக்கிய மூன்று இருக்கைகளில் இரண்டில் தாயும் மகளும் இருந்தார்கள்.