ஆற்றுவாய்க் கதவும் உங்கள் கதிரையும்

அன்புள்ள மச்சான்,

மேலே அங்கேயும் ஒரு சபை இருந்தால் நீங்கள் எதிர்வரிசையில்தான் இருப்பீர்கள், தவிசாளர் யாராக இருந்தாலும். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்குமாவது எழும்பிப் போகாமல் இருங்கள். இதில் பாதி உங்களைப் பற்றிய முறைப்பாடு. மீதி உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி.

முதலில் வீட்டு நடப்பு. அக்கா சுகம். கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே என் குசினியில் என்ன கொதிக்கிறது என்று சொல்கிறாள். கண் டொக்டர் சிங்களவர், நல்ல பெடியன். அவர் சொன்னதை அக்காவின் போன் தமிழில் சொன்னது, அக்கா சொன்னதை அவருக்குச் சிங்களத்தில் சொன்னது. அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. இளம் வயதில் நீங்கள் எழுதிய விஞ்ஞானக் கதைகளில் ஒன்றில் ஒரு தொப்பி வரும். தலையில் போட்டால் எந்த மொழியும் தன் மொழியாகக் கேட்கும். "நடக்கிற காரியமா இது?" என்று நான் அப்போது சிரித்தேன். சரி மச்சான், தொப்பி போனாக வந்திருக்கிறது, மற்றபடி நீங்கள் சொன்னதுதான். ஒரு புள்ளி உங்களுக்கு.

உங்கள் இன்னொரு கதையில் வருகிற பறக்கிற சைக்கிளுக்கு இன்னும் புள்ளி தர மாட்டேன். அதில் ஏறி வாவியைக் கடக்கிற மனிதனுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பிரதேச சபையில் உங்கள் இடத்துக்குக் கட்சி என்னைப் போட்டது. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, பெயர் கெடாதவள், சொன்னதைக் கேட்பாள் என்று நினைத்திருப்பார்கள். உங்கள் கதிரையில் உட்கார்ந்த முதல் நாளே ஒன்று தெரிந்தது. அதன் முன்கால்கள் இரண்டும் பின்கால்களை விடத் தேய்ந்திருக்கின்றன. எப்போதும் எழும்பத் தயாராக நுனியிலேயே இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் வெளிநடப்புகள் ஊரறிந்தவை. வரவுசெலவுத் திட்டம் என்றால் வெளிநடப்பு. வீதி விளக்கு என்றால் வெளிநடப்பு. நீங்கள் குரலை உயர்த்தியதும் எதிரே தேத்தண்ணிக் கடை இஸ்மாயில் காக்கா கேத்தலை அடுப்பில் வைப்பார். வெளியே வந்து நீங்கள் குடிப்பீர்கள். கூட்டம் முடிந்து தவிசாளரும் வந்து அதே மர வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து குடிப்பார். நான் அதைப் பார்த்து எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறேன். நீங்கள் வெளியே நின்ற நேரத்தில்தான் மீன் சந்தையை வெயிலுக்குள் கொண்டுபோய் வைக்கிற தீர்மானம் நிறைவேறியது. உள்ளே ஒரு ஆள் இருந்து "நிழலுக்கு என்ன வழி?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்க யாரும் இல்லை.

இந்த வெளிநடப்பைப் பற்றித்தானே நாம் கடைசியாகச் சண்டை பிடித்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவது வழக்கம். அப்படித்தான் அக்காவை முடித்து நீங்கள் எங்கள் வளவுக்கு வந்தீர்கள். வந்த நாளில் இருந்தே நமக்குள் வேலியும் ஒன்று, வாக்குவாதமும் ஒன்று. நீங்கள் வடசேரி, நாங்கள் தென்சேரி. கண்ணகையம்மன் கோயில் கொம்புமுறிக்கு ஊர் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு மரக்கொம்புகளை இரு சேரியும் கயிறு கட்டி இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் பாடுகிற வசைப்பாட்டைத் தோற்றவர்கள் நின்று கேட்க வேண்டும்.

நான் அன்றைக்கு அதை வைத்துத்தான் கேட்டேன். "மச்சான், எதிர்க்கட்சி எண்டா எதிர்ச்சேரி. கயித்தப் பிடிச்சு இழுக்கத்தானே ஆக்கள் அனுப்பினவங்க? நீங்க கயித்த விட்டுப் போட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிறீங்க. மற்றப் பக்கம் இழுக்காமலே வெல்லுது."

நீங்கள் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள். "ஓம் புனிதம். ஆனா மற்றப் பக்கம் கொம்புக்குள்ள இரும்புக் கம்பி வச்சிருந்தா? நீ எவ்வளவு இழுத்தும் முறியாது. அப்ப கயித்த விட்டாத்தான் சனம் திரும்பிப் பாக்கும். ஏன் விட்டான் எண்டு கேக்கும்."

நான் மறுமொழி யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வந்த நாளில் உங்களுக்குக் கேட்கிற நிலை இல்லை. அது எனக்கு இன்னமும் ஆறவில்லை, மச்சான்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஆளுங்கட்சி ஒரு பிரேரணை கொண்டு வந்தது. வாவி கடலோடு சேருகிற ஆற்றுவாயில் ஒரு கருவியை நடுவதாம். அது நீர்மட்டத்தைப் பார்க்கும், மேற்கே பெய்கிற மழையைக் கணக்கெடுக்கும், வாயை அடைக்கிற மண்மேட்டை எப்போது வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும் என்று தானாகவே சொல்லும். பிரேரணையை வாசித்து முடிக்கும் முன்பே கண்டுகொண்டேன். அது உங்கள் கதை.

நினைவிருக்கிறதா? ஆற்றுவாயில் ஒரு இரும்புக் கதவு. அது யோசிக்கும். வயல் வட்டையில் நெல் வெள்ளாமை மூழ்கப் போகிறதா, வாவிக்குள் இறால் பருத்துவிட்டதா, இரண்டையும் அறிந்து தானாகவே திறக்கும், மூடும். "இப்பவே வெட்டு" என்று விவசாயியும், "இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்று மீனவனும் மண்மேட்டில் நின்று அடிபடத் தேவையில்லை. கதையின் முடிவில் இருவரும் ஒரு மரநிழலில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். நான் உங்கள் கையெழுத்துப் பிரதியில் சிவப்பு மையால் "இந்தக் கதவுக்குக் கரண்ட் எங்கிருந்து?" என்று எழுதினேன். நீங்கள் அதன் கீழே "சந்திரனிலிருந்து" என்று எழுதித் திருப்பித் தந்தீர்கள்.

நம் கட்சி அமைப்பாளர் தம்பி வீட்டுக்கே வந்தார். "டீச்சர், அவங்க கொண்டு வாற பிரேரணை. நல்லதோ கெட்டதோ நாம எழும்பிப் போறம். உங்கட மச்சான் சேர் இருந்தா அதத்தான் செய்திருப்பார்."

இரண்டு நாள் கழித்துத் தவிசாளர் சந்தையில் கண்டார். "டீச்சர், இது உங்கட மச்சான்ட கதையெல்லே. மனிசன் இருந்தா ரெண்டு கையையும் தூக்கியிருப்பார்."

இறந்தவரின் வாக்கு எவ்வளவு வசதியானது, பார்த்தீர்களா? ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம், நீங்கள் மறுத்துப் பேசப் போவதில்லை. எனக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் உங்கள் மீது. உங்களுக்குள் இருந்த எழுத்தாளர் கையைத் தூக்கியிருப்பாரா, உறுப்பினர் எழும்பிப் போயிருப்பாரா என்று ஒரு நாளாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே?

அக்காவிடம் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "கதை எழுதின நாளையில அவர் கட்சியில இல்ல. கட்சிக்குப் போன பிறகு கதை எழுதல்ல. அது ரெண்டு மனிசன், ரெண்டு பேருக்கும் நான்தான் சோறு போட்டன். மறுகா நீ என்னத்துக்கு அவரிட்டக் கேக்கிறா? கதிரையில இரிக்கிறது நீதானே."

ஆகவே பிரேரணையை மறுபடி எடுத்து, பரீட்சைத் தாள் திருத்துவது போல வரிவரியாக வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது, மச்சான், உங்கள் இரும்புக் கம்பி. வெட்டுவதா இல்லையா என்பதில் கருவி சொல்வதே முடிவு, விவசாயிகளையும் மீனவர்களையும் கூட்டி இனிக் கேட்கத் தேவையில்லை, இதையே மாவட்டச் செயலகத்துக்கும் சபை சிபாரிசு செய்யும் என்று எழுதியிருந்தது.

கூட்டத்தன்று அமைப்பாளர் சொன்னபடி நம் ஆட்கள் கோசம் போட்டுக்கொண்டு எழும்பினார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் உங்கள் கதிரையில் நன்றாகப் பின்னால் சாய்ந்து இருந்தேன். தேய்ந்த கால்கள் ஆடின. பயந்துதான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? வாசலில் நின்ற நம் ஆள் ஒருவர் "டீச்சர், வாங்க" என்று கையால் காட்டினார். எனக்குக் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

தவிசாளர் என்னையே பார்த்தார். "எதிர்க்கட்சியில ஒராள் உள்ளுக்க இரிக்கிறா. எனக்கு அடுத்து என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல" என்றார். சபை சிரித்தது. நான் எழும்பிக் கேட்டேன்.

"உப்புத் தண்ணிக்குள்ள நடுற கம்பத்தில ஒரு மாசத்தில சிப்பி பிடிக்கும். சுரண்டுறது ஆர்? மாடு வந்து உரசும், வலை கொளுவும், மழைக்குக் கரண்ட் நிக்கும். அந்த நேரம் கருவி பிழையாச் சொன்னா மறுமொழி சொல்றது ஆர்? வெள்ளாமை போன மனிசன் கம்பத்துக்கிட்டயா போய்ச் சண்டை பிடிக்கிற?"

பிறகு நான் ஒரு திருத்தம் கொண்டு வந்தேன். கருவி வரட்டும். அது நீர்மட்டத்தையும் மழையையும் சொல்லட்டும். சொன்னதை ஆற்றுவாயிலும் மீன் சந்தையிலும் எல்லோரும் பார்க்கிற பலகையில் எழுத வேண்டும். வெட்டுவதை மட்டும் இதுவரை போல விவசாயிகளும் மீனவர்களும் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும். ஆளுங்கட்சிக்குள் முணுமுணுப்பு. அவர்களிலேயே ஒரு ஹாஜியார், இறால் வியாபாரம் செய்கிறவர், "டீச்சர் சொல்றதில நியாயம் இரிக்கி" என்றார். அதோடு மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். திருத்தத்தோடு பிரேரணை நிறைவேறியது.

நான் உட்கார்ந்தபோது வாசலில் இஸ்மாயில் காக்கா நின்றார், கையில் ஒரு தேத்தண்ணி. "உங்கட மச்சான் எண்டா இந்நேரம் வெளிய வந்திருப்பார். நீங்க வரல்ல, ஆறப் போகுதெண்டு நான் உள்ள வந்தன்." சபைக்குள் தேத்தண்ணி கொண்டு வரக்கூடாது. தவிசாளர் வேறு பக்கம் பார்த்தார். உங்களுக்குப் போடுகிற அளவுக்கே சீனி போட்டிருந்தார். எனக்கு அது தித்திப்புக் கூட. முழுவதையும் குடித்தேன்.

உங்களுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த நாள் பேப்பரில் வந்தது நம் ஆட்களின் வெளிநடப்புத்தான். அதைப் பார்த்துத்தான் சனம் "என்ன பிரேரணை அது?" என்று கேட்டது. அப்படிக் கேட்டு வந்தவர்களுக்குத்தான் நான் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். நீங்கள் சொன்னது பாதி சரி. இந்தப் பாதியை நீங்கள் உயிரோடு இருந்தபோதே நான் உங்களுக்குத் தந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கம்பம் நட்டாயிற்று. மாரி பிடித்த முதல் கிழமையே கருவி "வெட்டு" என்றது. பலகையில் எழுதினார்கள். மண்மேட்டில் விவசாயிகளும் கூடினார்கள், மீனவர்களும் கூடினார்கள், வழக்கமான சண்டை. ஆனால் முன்பு ஒரு பக்கம் தண்ணீர் முழங்கால் என்னும், மறுபக்கம் கணுக்கால் என்னும். இந்த முறை இரு பக்கமும் ஒரே பலகையைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் மீனவர்கள் ஒரு இரவு கேட்டார்கள், இறால் பிடிக்க. விவசாயிகள் கொடுத்தார்கள். விடிந்ததும் வெட்டினார்கள். தண்ணீர் கடலுக்குள் பாய்ந்ததை அக்கா புதுக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவர்ர கதையில இந்தச் சனம் ஒண்டும் இல்லையே" என்றாள்.

அதுதான் என் கேள்வி, மச்சான். நீங்கள் கனவு கண்டது தானாக யோசிக்கிற ஒரு கதவு, சண்டை இல்லாத ஒரு ஆற்றுவாய். நான் கதவை வைத்துக்கொண்டு அதன் யோசனையைப் பிடுங்கிச் சனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கதையைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா?

கட்சி விளக்கம் கேட்டிருக்கிறது. நீக்கினால் கதிரையும் போகும். உங்களுடையது என்பதால் அதை விட மனமில்லை. ஆனால் அவர்களுக்குச் சொல்லப் போவது இதுதான், உங்களுக்கு யோசித்து வைத்திருந்த அதே மறுமொழி: கொம்புக்குள் இரும்பு இருந்தால், இழுத்துக்கொண்டே அதைச் சனத்துக்குக் காட்டலாம். கயிற்றில் கை இருக்கிறவளுக்குத்தான் அது கிட்டத் தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன். கதிரை போனால் பொதுமக்கள் வாங்கில் போய் இருப்பேன். கம்பத்தில் சிப்பி பிடிக்கிற நாளில் முதல் கேள்வி என்னுடையது. எவ்வளவு காட்டியும் ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒரு நாள் வந்தால், அன்றைக்கு மட்டும் நான் எழும்பி, கதிரையோ வாங்கோ, இருக்கிறதைச் சத்தமாகத் தள்ளிவிட்டு நேரே இஸ்மாயில் காக்காவின் கடைக்கு நடப்பேன். கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும். கடை வாங்கில் நீங்கள் இருந்த பக்கத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்துத் தென்சேரிக்காரி,
உங்கள் மச்சாள்
புனிதம்