விருந்துப் பாத்தி

ஆவணி 4, வியாழன்

விடியும்போதே வெக்கை. மல்லி பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாயிற்று. கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் பாதிதான். மோட்டார் மறுபடியும் மக்கர்.

கல்யாண மண்டபத்து மேனேஜர் வந்தார். வாடிப்பட்டி ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அது. இனி ம.மே. என்று எழுதுவேன், அந்த ஆளுக்கு இது போதும். அண்ணனோடு வாசலில் உட்கார்ந்து பேசினார். பேசிக்கொண்டே கீழே கையை விட்டு ஒரு புல்லைப் பிடுங்கிப் பல் குத்தினார்.

போச்சு. அண்ணன் எழுந்து உள்ளே வந்தார், மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அது விருந்துப் பாத்தி. எங்கள் பாத்தியார் சனத்தில் வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் இரண்டு முழ அகலத்துக்குக் களை எடுக்காமல் விட்டிருப்போம். வருகிறவர் அதில் ஒரு களை பிடுங்கினால் விருந்தாளி. பொழுது சாயும்வரை அவர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. எங்களுக்குள் இது சரிதான். மூன்றடி உயர ஜனம், கேட்பது ஒரு பிடி விதை, ஒரு கூடை எரு. அந்த நெட்டை ஆளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? காலையில் தின்றது பல்லில் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டது இது. ஞாயிற்றுக்கிழமை வரவேற்புக்குப் பாத்தியார் பன்னிரண்டு பேர் மண்டப வாசலில் நிற்க வேண்டும். சிவப்புக் கூம்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் பூவாளி. வெளிநாட்டுத் தோட்டங்களில் குள்ளர் பொம்மை வைப்பார்களாம், அந்த மாதிரி. "பொம்மை வாங்கி வச்சா சும்மாதான் நிக்கும்ணே. நீங்கன்னா அசைவீங்கள்ல."

அண்ணன் சரி என்றார்.

ஆவணி 5, வெள்ளி

காலையிலிருந்து சண்டை.

"அவரு பல்லுக் குத்துனாருண்ணே."

"புல்லுதானே பிடுங்குனாரு?"

"நம்ம வழக்கம் அவருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியுமுல்ல."

அண்ணன் பெயருக்கேற்ற ஆள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டுப் பாத்தியில் எது முதலில் முளைக்கிறதோ அதன் பெயரை வைப்பார்கள். அண்ணனுக்கு மருக்கொழுந்து முளைத்தது. குணமும் அதேதான். கசக்கினாலும் மணப்பார். எனக்கு முளைத்தது சுண்டை. ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மதினி பெயர் பூசணி. வாய் வேலி தாண்டிப் படரும்.

சாயங்காலம் மூட்டை வந்தது. தொப்பி 12, தாடி 12, பிளாஸ்டிக் பூவாளி 12 (மூக்கில் ஓட்டை இல்லை, தண்ணீர் வராது). எனக்குமா தாடி என்று கொண்டுவந்த டிரைவரிடம் கேட்டேன். "இருக்கட்டும்க்கா, தூரத்துல தெரியாது."

எங்கள் ஆண்களுக்கே தாடி முளைக்காது. இதை யாரிடம் சொல்ல.

ஆவணி 7, ஞாயிறு

தூறல். போனேன். வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டிருக்கலாம். அண்ணனைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

நான்கு மணி நேரம் நின்றோம். காதில் விழுந்தவை:

"நெஜ ஆளாடி?"
"தொட்டுப் பாரு."
"ஏ, இது பேசுது."

அரை மணியில் தாடியைக் கழற்றிப் பூவாளிக்குள் போட்டேன். ம.மே. தூரத்திலிருந்து கையைக் காட்டினார். அவர் பக்கமே திரும்பவில்லை.

எட்டு மணி இருக்கும். பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் போட்டோவுக்கு நிற்கிறேன் என்று வந்து அண்ணனை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

எங்களில் பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளோடு தூக்குவது நின்றுவிடும். அப்புறம் ஒருவரைத் தூக்குவது பாடையில் வைக்கத்தான். அண்ணன் கால் இரண்டும் தொங்கின. தொப்பி கழன்று விழுந்தது. சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. இறக்கிவிட்டு அந்த ஆள் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், "வெயிட்டே இல்ல மாப்ள."

பூவாளியால் அந்தப் பட்டுச் சட்டைக்காரர் முழங்காலில் அடித்தேன். பிளாஸ்டிக், உடைந்துவிட்டது. இரும்பாக இருந்திருக்கலாம்.

ஷேர் ஆட்டோவில் அவனியாபுரத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பாத்திக்குள் இறங்கி, கால் இரண்டையும் ஈர மண்ணில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை.

ஆவணி 8, திங்கள்

ம.மே. போன். எடுத்தது மதினி. எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம், தை வரைக்கும் எல்லா முகூர்த்தத்துக்கும் வரவேண்டுமாம். மதினி முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அதோடு நிறுத்தினாளா? "அன்னைக்கு நீங்க வாசல்ல புல்லுப் பிடுங்குனீங்க, அதனால ஒத்துக்கிட்டாரு, இல்லாட்டி எங்க ஆளுக எதுக்கு வாராக" என்று வழக்கம் முழுவதையும் ஒப்பித்திருக்கிறாள்.

"அம்புட்டுத்தானா? புதன்கிழமை நேர்ல வாரேன்" என்றாராம். சிரித்துக்கொண்டே.

"அவருக்கு வெவரம் தெரிஞ்சா விட்டுருவாருன்னு நெனச்சேன் சுண்ட" என்று மதினி அழுதாள். திட்ட வந்த வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனிடம் கேட்டேன், வந்து பிடுங்கினால் என்ன செய்வீர்கள் என்று. "பிடுங்கிட்டா பிடுங்குனதுதான்." மறுபடியும் அந்த வாசலில் போய் நிற்பார். மறுபடியும் தூக்குவார்கள். தை வரைக்கும்.

மாட்டேன். விடமாட்டேன்.

ஆவணி 9, செவ்வாய்

வெயில். வெளுத்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

விருந்துப் பாத்தி வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. வாசலில் புல் இல்லாத வீட்டுக்கு மனிதரே வேண்டாம் என்று அர்த்தம். முதல் களையில் கை வைத்தேன். பிடுங்கிப் போட்டேன். இரண்டாவதையும்.

மதினி ஓடிவந்தாள். "என்ன காரியம் பண்ற? யாரும் வராதீகன்னு ஊருக்கே சொல்ற மாதிரி இருக்கு."

"ஊருக்குச் சொல்லல மதினி. ஊரு கோவிச்சுக்கிட்டா பெறகு சமாதானம் பண்ணிக்குவோம்."

ஊர் கோபித்துக்கொண்டது. எதிர்வீட்டில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மேலத்தோட்டத்திலிருந்து ஆள் வந்து, உள்ளே வராமல் தெருவிலேயே நின்று, "சுண்டைக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கெட்டுத்தான் போச்சு.

பதினோரு மணி வரை பிடுங்கியது: அருகு, கோரை, தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை. எட்டுக் கூடை. விரல் கிழிந்து ரத்தம்.

அண்ணன் கேணியடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்து என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து வந்தார். என் பக்கத்தில் முட்டி போட்டார்.

"கோரைய மேலாக்கப் பிடுங்குனா நாளைக்கே தலை நீட்டும். கெழங்கோட எடு."

அப்புறம் இரண்டு பேருமாகத் தோண்டினோம். சாயங்காலம் அந்த இடம் முழுக்கச் செண்டுமல்லி நாற்று நட்டோம். நெருக்கமாக, கை நுழைய இடமில்லாமல்.

ஆவணி 10, புதன்

மேகமூட்டம். பூ பறிக்கவில்லை. யாருக்கும் அதில் மனசு போகவில்லை.

ம.மே. பத்து மணிக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராக வாசலில் குனிந்தார். பார்த்தார். பேண்டை முட்டிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு மண்டி போட்டார். நாற்றுகளை விலக்கி விலக்கித் தேடினார். மண்டி போட்டால் அவரும் எங்கள் உயரம்தான். முகத்தை நன்றாகப் பார்த்தேன், வேர்த்துக் கொட்டியது.

புல் இல்லை.

கடைசியில் கைக்கு வந்த ஒன்றைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "இந்தா, பிடுங்கிட்டேன்ணே. ஞாயித்துக்கெழம பன்னெண்டு பேரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போனார். அவர் கையிலிருந்து அதை வாங்கினார். "இது களை இல்ல. நேத்து நான் நட்ட நாத்து." உட்கார்ந்து பழைய குழியிலேயே வைத்தார். சுற்றி மண்ணை அணைத்தார், கட்டைவிரலால் அழுத்தினார், கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். ம.மே. மண்டி போட்டபடியே காத்திருந்தார்.

"வரமாட்டோம்" என்றார் அண்ணன்.

"என்னண்ணே?"

"வரமாட்டோம்."

பிறந்ததிலிருந்து அண்ணன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. ம.மே. என்னென்னவோ பேசிப் பார்த்தார், பிறகு பைக்கை உதைத்துக் கிளம்பினார். அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு கேணிக்குப் போனார். போகிற வழியெல்லாம் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வரமாட்டோம். வரமாட்டோம்.