ஜூலியனைத் தேடி வந்த அப்பாவுக்கு

என் செல்ல அப்பா,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனை எடுக்கிறது. யாரிடம் பேச? அதனால் எழுதுகிறேன். குமுளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

சேராமலே போயிருப்பேன். அந்தக் கதைக்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் கிண்டல் செய்துகொள்கிறேன். பதிலுக்கு என்னைக் கிண்டல் செய்ய நீங்கள் இல்லை என்கிற தைரியம்தான்.

பாலக்காட்டில் கேட்டரிங் படிக்கச் சேர்ந்த முதல் மாதம் அது. காய் வெட்டுவதில் இத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர். "நாளைக்கு ஜூலியன் வெட்டணும்ப்பா, பயமா இருக்கு" என்று போனில் சொன்னேன். உங்களிடமிருந்து சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் கல்லூரி வாசலில் நிற்கிறீர்கள்! மலைமேல் நம் ஆனைக்கரையிலிருந்து கம்பம் இறங்கி, பொள்ளாச்சி சுற்றி, நாலு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள்.

"யாருத்தா அந்த ஜூலியன்? உங்கிட்ட வம்பு பண்றானா? எதுவா இருந்தாலும் அப்பா பேசிக்கிறேன். நீ எதுக்கு அவன வெட்டப் போற?"

எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அச்சனோ? வரூ, வரூ" என்று மலையாளத்தில் வரவேற்று உங்களை உள்ளே கூட்டிப்போய், தீக்குச்சி கனத்துக்கு நான் வெட்டி வைத்திருந்த கேரட்டைக் காட்டி, "இதாணு ஜூலியன்" என்றார். நீங்கள் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டு, "நல்ல பயலாத்தான் தெரியிறான்" என்றீர்களே! வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றுதான் எனக்கு அந்தப் படிப்பின் மேல் இருந்த பயம் போனது. நன்றி என்று அன்று சொல்லத் தோன்றவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், "இன்னைக்கு என்ன வார்த்தை பாப்பா?" என்று கேட்பீர்கள். நான் சொல்வேன், நீங்கள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பீர்கள். பொடிப்பொடியாக வெட்டும் புருன்வாஸ் உங்கள் வாயில் கடைசிவரை புருனுவாசுதான். எனக்கு உற்சாகம் வரட்டும் என்று கேட்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

கடைசியாகச் சொன்ன சொல் டீகிளேஸ். "டீ கிளாஸா?" என்றீர்கள். இல்லை அப்பா, அடிப்பிடித்த சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் குழம்புக்கு ருசி சேர்ப்பது. "அதத்தான உங்கம்மா தெனமும் பண்றா, அதுக்கும் ஒரு பேரா!" என்று சிரித்தீர்கள். மறுநாள் காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை எடுக்கப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? சமையல் வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். குறித்த தேதியில் பயிற்சிக்குச் சேராவிட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும். டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் போனை எடுக்கவில்லை.

உங்கள் கருமாதி அன்று, உங்கள் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற அக்காமார் எல்லோரும் வந்து கொல்லையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, பொரியலுக்குத்தான? புருனுவாசு போட்டுரட்டா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே உச்சரிப்பு, அப்பா.

"என்னத்தா முழிக்கிற? அண்ணன் தெனமும் வண்டியில பாடம் நடத்துவாருல்ல. முந்தின நாளு சொன்னத ஒப்பிச்சாத்தான் வண்டியே கெளம்பும். பதினாறு நாளா பாடம் இல்லாமப் போறோம் பாப்பா. அடுத்த வார்த்தை என்ன?"

நீங்கள் அவர்களுக்குக் கொண்டுபோக முடியாமல் போன சொல்லை நான் சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். "அடிப்பிடிச்சதச் சொரண்டுறதுக்கா?" என்று பேச்சியக்கா வாயில் கை வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மா, "அப்ப நான் எப்பவோ பாசாயிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மறுநாள் காலை பார்க்கிறேன், பெட்டியைத் திறந்து என் கோட்டை எடுத்துத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள். "நீ போ. நான் இருந்துக்குவேன்" என்றாள்.

இப்போது சாயங்காலம் பேச்சியக்காவுக்குத்தான் போன். மறுநாள் ஜீப்பில் அவர்தான் டீச்சர். புது டிரைவர் பாட்டுப் போட்டால் அணைக்கச் சொல்கிறாராம்.

நேற்று செஃப் சொல்லிக்கொடுத்தது 'ரெஸ்ட்'. சுட்ட கறியை அடுப்பிலிருந்து இறக்கியதும் வெட்டக் கூடாது. சும்மா விட வேண்டும். அப்போதுதான் சாறு உள்ளே தங்கும். பேச்சியக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"இந்த வார்த்தைய அண்ணனுக்கு யாருமே சொல்லிக்குடுக்கலையே பாப்பா" என்றார்.

ஆமாம் அப்பா. நான்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலோடும் மழையோடும் வண்டி எடுத்தீர்கள், நான் வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். நீங்கள் ரெஸ்ட் எடுங்கள். நாளைக்கான சொல் காலையில் ஜீப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருநாளும் தவறாது, சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
கனகா