மூன்று முந்திரி

டிசம்பர் 18, 1967. திங்கள்

காலையில் பனி. பல்லாவரம் ஸ்டேஷன் போவதற்குள் காலர் ஈரம். ஆனாலும் கண்டோன்மெண்ட் தெருவில் நடப்பதே சுகம். துரைமார் கட்டிய பங்களாக்கள், ஆளுக்கொரு தோப்பு, கேட்டில் பெயர். நாங்கள் குடியிருக்கும் அவுட்ஹவுஸ் அந்தக் காலத்தில் குதிரை லாயம். தாம்பரம் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்களிடம் அதை மட்டும் சொல்வதில்லை. விலாசம் பங்களா விலாசம்தானே!

கவலை ஒன்றே ஒன்று. வீட்டை வாடகைக்கு விடும்போதே பங்களாக்காரம்மா மிஸஸ் தனராஜ் சொன்னது: "நீங்க, வைஃப், குழந்தை. மூணு பேர்னா சரி. அதுக்கு மேல ஒரு தலை கூடினாலும் வேற இடம் பாத்துக்கணும்."

ஸ்டெல்லாவுக்கு இது மூன்றாம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை நாள் மறைக்க முடியும்?

20, புதன்

கேக் சாமான்: மைதா, முட்டை, திராட்சை. வெண்ணெய் (பொழிச்சலூர் பால்காரர்). ரேஷன் சர்க்கரை, ஸ்டெல்லா காபியில் மிச்சம் பிடித்தது. முந்திரி மூன்றுதான் பாக்கி. மற்றதெல்லாம் எங்கள் பேபியின் வயிற்றில்.

குழைத்தது நான். கை கழன்றுவிட்டது. முட்டை வாடை ஆகாமல் ஸ்டெல்லா கொல்லைப்பக்கம் ஓடினாள். "சத்தம் போடாம வாந்தி எடு" என்றேன். இப்படிச் சொன்ன முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன். முறைத்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

21, வியாழன்

லீவு. மாவைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கு. பங்களாவானாலும் லாயமானாலும் இங்கே எல்லார் வீட்டுக் கேக்கும் அந்த ஒரே அடுப்பில்தான் வேக வேண்டும். டின்னும் பேக்கரி டின். மேலே வரிசையாக மூன்று முந்திரி வைத்தேன். நான், ஸ்டெல்லா, பேபி. நாலாவது ஆளுக்கு முந்திரி இல்லையே என்று மனசுக்குக் கொஞ்சம் சங்கடம்.

23, சனி

பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, பேஜார் பண்ணிட்டியே! மூணு முந்திரின்னா பங்களாம்மா கேக்கு. ரெண்டுலயும் மூணு கீது. அவங்க டிரைவரு ஒண்ண எட்துகினு பூட்டாரு. மீந்ததுதான் உன்னுது."

இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு முந்திரியில் ஒரு அடையாளமாம். ஒருவர் சிலுவை, ஒருவர் நட்சத்திரம். எனக்கு யார் சொன்னார்கள்?

வீட்டில் வெட்டினால் குப்பென்று பிராந்தி வாசனை. சர்ச் பெண்கள் கூட்டத்தில் மதுவிலக்கைப் பற்றிப் பேசுகிற அம்மா! சிரித்துச் சிரித்து ஸ்டெல்லாவின் கண்ணில் தண்ணீர். போய்ச் சொல்லிவிடலாமா என்றேன்.

"வேணாங்க. பாவம், வெக்கப்படுவாங்க."

அவளுக்கு அந்த வாசனை ஆகவில்லை. பேபிக்கு மேலிருந்த முந்திரி மட்டும். எனக்கு ஒரு துண்டு. சரி, மூன்று.

25, திங்கள். கிறிஸ்துமஸ்

பளிச்சென்று வெயில். ஆராதனை முடிந்து பங்களாவில் விருந்து, போதகர் ஐயா உள்பட. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேக் வெட்டினார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மிஸஸ் தனராஜ் தானும் ஒரு வாய் போட்டார். அவ்வளவுதான். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், தோட்டத்தின் குறுக்கே ஓட்டம். நேராக எங்கள் வாசலுக்கு! வீடு போச்சு என்றே நினைத்தேன்.

"சார், கேக் மாறிப்போச்சு. உங்களுதுலயும் மூணு முந்திரின்னு டிரைவர் அன்னிக்கே சொன்னான். ஸ்டெல்லா சாப்பிட்டாளா?"

"இல்லம்மா. வாசனை பிடிக்கலைன்னு..."

"தேங்க் காட்! அதுல பிராந்தி. இந்த மாதிரி நேரத்துல அவ தொடவே கூடாது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறீங்க? தினம் காலைல கொல்லைல கேக்குதே, எனக்கென்ன காது செவிடா?"

மூச்சு வாங்க உட்கார்ந்தார். மீதிக் கேக்கை ஒரு பார்வை. வாசலை ஒரு பார்வை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் பர்மிட்ல வாங்கினது" என்றார், நான் கேட்காமலே.

போகும்போது ஸ்டெல்லாவின் கன்னத்தைத் தட்டினார். படியில் இறங்கித் திரும்பினார்.

"சார், அடுத்த வருஷம் ஞாபகமா நாலு முந்திரி வைங்க. இல்லேன்னா மறுபடியும் மாறிடும்."

கடை திறந்ததும் முந்திரி வாங்க வேண்டும்.