சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கை

மந்தைவெளி
ஞாயிறு மாலை

அன்புள்ள செம்பியனுக்கு,

நலம். உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடித் தொட்டியின் கசிவை அடைத்தாயிற்று. இங்கே விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் குளிர். அதற்கே தெருவில் குல்லா போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நீ பார்த்தால் சிரிப்பாய்.

அடுத்த குளிர்காலமும் அந்த மலைச்சாலை வேலையிலேயே இருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். போனில் என்றால் 'உன் இஷ்டம்' என்றிருப்பேன். அது பொய். அதனால் கடிதம்.

யாங்சென்.

உன்னோடு வேலை செய்கிறவளின் பெயரை எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்னப் பெயர்தான்.

நீ அனுப்பிய வீடியோவை வேண்டிய மட்டும் பார்த்தேன். மலைச்சாலை. பனி தள்ளும் டிராக்டர். சக்கரம் பனியில் வழுக்காமல் இருக்கப் போடும் சங்கிலியைத் தரையில் விரித்து, முறுக்கு எடுத்து, நீயும் அவளும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிச் சக்கரத்தின் மேல் போர்த்துகிறீர்கள். அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை ஒரு முழம் நகர்த்துகிறாள். நிறுத்துகிறாள். நீ பனியில் படுத்து, உள்பக்கக் கொக்கியை மாட்டுவதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் தோள்வரை கையை விடுகிறாய். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது என்றாய்.

கையுறையோடு கொக்கி மாட்ட முடியாது, விரல் விறைத்தால் அவள் தன் பிளாஸ்க்கைக் கொடுப்பாள், பிடித்துக்கொள்வேன் என்றும் சொன்னாய். அதை ஏன் சொன்னாய்?

என் ஸ்கூட்டியின் பின்னால் நீ உட்கார்ந்ததே இல்லை. 'நீ பிரேக் புடிக்கிற அழகு எனக்குத் தெரியும், நான் நடந்தே வரேன்' என்று லஸ்ஸிலிருந்து வீடுவரை நடந்தாய். நான் உன் பக்கத்திலேயே உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று சிரித்தேன்.

அவள் பிரேக் பிடிப்பதைப் பற்றி நீ ஒன்றும் சொன்னதில்லை.

போன வாரம் குப்பத்துக்குப் போனேன், உன் சித்தி அன்புக்கரசியைப் பார்க்க. கரையில் அவர் மகன் அறிவு, படகு இழுக்கும் டிராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மணலில் சக்கரம் வழுக்கியது. எனக்கு உடனே தோன்றியது: சங்கிலி. சொன்னேன். 'இன்னா அண்ணி, டிராக்டருக்குக் கொலுசு போடணுங்கிற' என்றான். ஆனாலும் பழைய நங்கூரச் சங்கிலியை எடுத்துவந்தான். அவனுக்கும் வேடிக்கை வேண்டியிருந்தது.

இருவருமாகச் சக்கரத்தின் மேல் போர்த்தியதும் நான்தான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினான். ஒரு முழம் நகர்த்தினேன். நிறுத்தினேன். இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கையை உள்ளே விட்டான்.

சங்கிலி நன்றாகத்தான் பிடித்தது. பிறகு அவன் ஏறி இழுத்ததும், ஒவ்வொரு வளையமும் மணலை வாரி வாரி வெளியே போட்டது. டிராக்டர் முன்னால் போகவில்லை, கீழே போனது. அச்சுவரை. பனிக்கு அடியில் சாலை இருக்கிறது, மணலுக்கு அடியிலும் மணல்தான் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பலகை போட்டுத் தூக்கினார்கள். சித்தி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். 'புருசன் பனில மாட்டிக்கினு கீறான், பொண்டாட்டி மணல்ல மாட்டிக்கினா. நல்ல ஜோடிடா நைனா!' கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அதைச் சொல்வதற்காக எழுதவில்லை.

அறிவின் கை உள்ளே இருந்த அந்தக் கொஞ்ச நேரம். கடல் சத்தம் கேட்கவில்லை. உன் நினைவுகூட இல்லை. அவன் கை மட்டும். அது என் காலில் இருந்தது. நான் காலை எடுத்தால் அவனுக்குக் கை இல்லை. அதற்குமுன் நான் யாரையும் அப்படி நினைத்ததில்லை. உன்னையும்.

அவன் கையை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டான். முடிந்தது.

அவளுக்கு அது தினமும் நடக்கிறது. உன் கையோடு.

'வெறும் வேலைதான் மணி' என்று சொல்லாதே. வேலைதான். அந்த வேலை என்ன என்று எனக்கு இப்போது தெரியும். நீங்கள் இருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதும் தெரியும். தப்பு என்றால் சண்டை போட்டிருப்பேன்.

என் பதில்: வேண்டாம். ஒப்புக்கொள்ளாதே. பனி உருகியதும் வந்துவிடு.

அதுவரை காலையில் விளக்கேற்றும்போது அவளுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். மனசார இல்லை. ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன். அவளுக்கு நல்ல தூக்கம் வரட்டும். காய்ச்சல் எதுவும் வரவேண்டாம். வீட்டுக் கவலை ஒன்றும் அவளை அண்டவேண்டாம். அந்தக் குளிரில் அவள் கால் மரத்துப்போகாமல் இருக்கட்டும்.

மணிமொழி